மண்குதிரைக் கதையில் என் வரி

அக்கா,

பள்ளிக்கு இன்று புது வாசகப் புத்தகங்கள் வந்தன. கட்டைப் பிரித்ததும் எழுந்த பசை வாசனையில் உங்கள் நினைவு வந்துவிட்டது. கஞ்சிப் பசை காய்ச்சி, தாள்களைத் தைத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாம் கதை நோட்டு செய்வோமே, அந்த வாசனை.

தேவகோட்டையில் அந்தப் பெண்கள் பள்ளிக்கு நாம் இருவர்தான் டீச்சர்கள். நீங்கள் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வருவீர்கள். நான் திருநீறு பூசி வருவேன். ஐயனார் கோயில் மண்குதிரைக்கு ஒருநாள் ஓட ஆசை வருகிறது என்று நீங்கள் ஒரு கதை எழுதினீர்கள். சாதுவான கதை. பிள்ளைகள் சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, முடிவை நான்தான் மாற்றினேன். மழை பெய்கிறது. குதிரையின் கால்கள் கரைகின்றன. சாமி மீசையை முறுக்கிக்கொண்டே சேற்றில் நடந்து போகிறார். நீங்களும் சிரித்துவிட்டு, உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் அதை நோட்டில் எழுதினீர்கள்.

நீங்கள் வாசித்தபோது வகுப்பே சிரித்தது. குதிரை செய்கிற வேளார் வீட்டுப் பெண் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மறுநாள் அவள் வரவில்லை.

வேதக்கார டீச்சர் நம்ம சாமியைக் கேலி செய்கிறாள் என்று இரண்டே நாளில் ஊரில் பேச்சாகிவிட்டது. பள்ளியை நடத்திய செட்டியார் நம் இருவரையும் கூப்பிட்டு, நோட்டைக் காட்டி யார் எழுதியது என்று கேட்டார். "நான்தான்" என்றீர்கள். மழை வரி என்னுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. புருஷனை இழந்து அம்மாவோடு இருந்தவள் நான். வேலை போனால் போக்கிடம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். இனிமேல் கதை வகுப்பே வேண்டாம் என்று சொல்லி அவர் நம்மை அனுப்பிவிட்டார்.

அவர் மட்டில் விஷயம் முடிந்தது. உங்களுக்கு முடியவில்லை. சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனீர்கள். சூளைக்குப் பக்கத்தில் அவள் அப்பா மண் மிதித்துக்கொண்டிருந்தார். சாமியைக் குறைவாகச் சொன்னது தப்பு என்று நீங்கள் ஆரம்பித்ததும் அவர் காலை நிறுத்தினார்.

"கும்புடுறதும் கும்புடாததும் உங்க இஷ்டம் டீச்சரம்மா. ஆனா, சுட்ட மண்ணு மழையில கரையாது. அது எம்மகளுக்கும் தெரியும். வகுப்பே சிரிக்கிறப்ப அவ எப்புடிச் சொல்லுவா?"

சிறுவயதில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலுவையைக் காட்டி, உங்க சாமிக்கு இறங்கத் தெரியாதா என்று சிரித்ததைச் சொன்னீர்கள். "அந்த வலி எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் பண்ணிட்டேன்" என்றீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் நான் அழுதேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "கரையுதுன்னு எழுதுனது நீ. அதைப் பிள்ளைக முன்னாடி வாசிச்சது நான்தானே" என்றீர்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

அந்தப் பெண் திங்கட்கிழமை வந்துவிட்டாள். வருஷக் கடைசியில் உங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். நீங்கள் சிவகங்கைப் பக்கம் போனீர்கள். இரண்டு கடிதம் போட்டீர்கள். மழை வரியைப் பற்றி எழுதத் துணிவில்லாமல் பதிலில் நலம் மட்டும் விசாரித்தேன்.

காய்ச்சலில் நீங்கள் போய்விட்ட செய்தி போன மாதம்தான் எட்டியது. மறுநாளே வேளார் வீட்டுக்குப் போனேன். அவர் தலை நரைத்திருந்தது. அந்த வரி என்னுடையது, அக்காவுடையது இல்லை என்று சொன்னேன். ஒன்பது வருஷம் கழித்துச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே தெரியும்மா. அவுக என் முகத்தைப் பாத்துப் பேசுனாக. நீங்க தலையைத் தூக்கவே இல்லையே" என்றார்.

அக்கா, கதை வகுப்பு இல்லையென்றாலும், பாடத்துக்கு நடுவே இப்போதும் நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். வகுப்பு சிரிக்கும்போது என் கண் தானாகவே சிரிக்காத முகத்தைத் தேடிப் போகிறது. அப்படி ஒரு முகம் தென்பட்டால் கதையை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.