பூமயிலின் ஆறு நாள் லெப்டின்

நாள் 412, காலை 08:10
நிலாத்தளக் கருத்தரிப்பு ஆய்வகம். எழுதுவது டாக்டர் தில்லைநாயகி. இந்த ஆய்வகத்தில் வேறு டாக்டர் கிடையாது.
பூமயில், வயது 38, சுரங்கத்தில் வெல்டர். லெப்டின் 11.2. உடம்புக் கொழுப்பு மூளைக்கு அனுப்பும் சேதி அது: சாப்பாடு இருக்கிறது, பிள்ளை தாங்கலாம். கையில் ஒட்டிய பட்டை தினமும் அளவை அனுப்பும்.
ஆறாம் நாள் கருவைக் கருப்பையில் வைக்க வேண்டும். அதற்கு மேல் பழுதான உறைகலன் தாங்காது. இருப்பது ஒரே கரு. கணவர் சுடலை போன வருடம் சுரங்கம் இடிந்து இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது அவ்வளவுதான்.

நாள் 414, காலை 08:15
லெப்டின் 6.0. பட்டை கோளாறு. இதை வாங்கி அனுப்பிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். தளத்து வானொலியில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"நல்லாத் தின்னுக்கிட்டுதான் இருக்கேன் டாக்டர். நீங்க வெசனப்படாதீங்க."

நாள் 415, காலை 08:05
3.9. புதுப் பட்டை கொடுத்தனுப்பினேன். 3.8. இயந்திரம் 'பட்டினி' என்கிறது. உணவுக்கூடத்தில் இன்னொரு ரொட்டிக்குச் சண்டை போடுகிறவளா பட்டினி கிடப்பாள்?

நாள் 417, மாலை 17:40
1.9. மூன்றுக்குக் கீழே இருந்தால் கரு வைக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவளே நான்தான். ஆனால் உறைகலனில் வெப்பம் ஏறுகிறது.
வைத்துவிட்டேன். மேசையில் ஏறும்போது அவள் கால் நடுங்கியது. பயம் என்று குறித்துக்கொண்டேன்.

நாள் 429, காலை 09:00
ரத்தப் பரிசோதனை. தங்கவில்லை. வானொலியில் சொன்னேன்.
"எம்மேலதான் தப்பு டாக்டர். சஷ்டிக்கு ஆறு நாளும் மொளகு விரதம் இருந்தேன். மொத நாளு ஒரு மொளகு, ரெண்டாம் நாளு ரெண்டு, இப்பிடி ஆறு வரைக்கும், அம்புட்டுதான். அதுபோகத் தண்ணி. சொன்னா வைவீங்கன்னு சொல்லல. நாலாம் நாளு தலை சுத்திச்சு, ரெண்டு மடக்கு பால் குடிச்சிட்டேன். அதான் முருகன் குடுக்கல."
ஒலிவாங்கியை அழுத்தினேன்.
"கருவே வலுவில்லாம இருந்துச்சு பூமயில். பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."
முதல் வாக்கியம் பொய்.
"அடுத்த வருசம் முழுசா இருக்கேன் டாக்டர். ஒரு சொட்டுப் பால் தொட மாட்டேன்."
அடுத்த வருடம் வைப்பதற்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை.

நாள் 429, காலை 09:50
இதைக் கண்டெடுப்பவருக்கு. அளவுகள் எல்லாம் உண்மை. 'காரணம்' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போட்டிருக்கிறேன். தெரியும். பட்டை ஒழுங்காகத்தான் சொன்னது. நாள் 414-லேயே மூன்று கதவு தாண்டி நடந்து போய் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். போகவில்லை. பட்டையை வைதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பூமயில் கேட்டால் இந்தப் பதிவைக் கொடுக்காதீர்கள். பால் குடித்ததால் போனது என்றே அவள் நம்பிக்கொண்டு...
இல்லை. அதுவும் வேண்டாம். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.