எனக்கும் இதே பிரச்சனை

என் செல்ல அண்ணாவுக்கு,

நீ போய் மூணு மாசம் ஆவுது. மில்லுல ஏணிக்குக் கீழ சுருண்டு விழுந்தே, மாரடைப்புன்னாங்க, தூக்கிக்கினு வந்தாங்க. அன்னிக்கு அழுத அழுகை வேற. இப்ப பல்லைக் கடிச்சிக்கினு எழுதறேன். உயிரோட இருந்தப்போ ஒருநாளும் என்னை முழுசாப் பேச விட்டதில்லை. இப்பவாவது குறுக்க வராம கேளு.

படிக்கிறவங்களுக்கும் புரியணும் இல்ல, முதல்லேர்ந்து சொல்றேன். போனுக்குப் புது சாஃப்ட்வேர் எல்லாருக்கும் வர்றதுக்கு முன்னாடி, கம்பெனிக்காரங்க கொஞ்சம் பேருக்கு மட்டும் குடுத்துப் பாப்பாங்க. நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க அதைப் போட்டுக்கினு, எங்கெங்க கோளாறு பண்ணுதுன்னு எழுதி அனுப்பணும். பீட்டான்னு பேரு. நீ மட்டும் அதை வெள்ளோட்டம்னுதான் சொல்லுவே. வாலாஜாபாத் ரைஸ்மில்லுல எலக்ட்ரீஷியன் நீ, பேச்சு மட்டும் தேர்க் கமிட்டித் தலைவர் மாதிரி இருக்கும். "சாமியை ஏத்தறதுக்கு முன்னாடி புதுத் தேரை வெறுமனே ஒரு சுத்து இழுத்துப் பாக்கறோம் இல்ல? அதான் பரிமளா இது. நாமதான் வடம் புடிக்கிறோம்."

உன் போன், அதோட சேர்ந்த கை வாட்ச் ரெண்டுலயும் போட்டுக்கினது போதாதுன்னு, என் போனையும் புடுங்கி அதுல சேர்த்துவிட்டே. நான் பட்ட பாடு கொஞ்சமா? பட்டுக்கடையில வீடியோ கால்ல புடவை காட்டறவ நான். ஒரு அப்டேட்டுல அரக்குக் கலரெல்லாம் கத்திரிப்பூ கலரா தெரிஞ்சுது. மதுரைக்கார அம்மா ஒருத்தங்க முகூர்த்தப் புடவை பார்சலைப் பிரிச்சுட்டு, போன்லயே என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. உனக்கு போன் அடிச்சு அழுதா நீ சிரிக்கிறே. "சூப்பர் கோளாறும்மா இது! உடனே ரிப்போர்ட் போடு. சின்னதுன்னு எதையும் மறைக்கக் கூடாது." நீ நல்லா இருப்பியாண்ணான்னு திட்டிட்டு, நீ சொன்னபடியே போட்டேன்.

ஒருத்தர் மட்டும் ரிப்போர்ட் போட்டா அவங்க கண்ணுல படாது, இன்னொருத்தரும் சேரணும்னு நீயே ஒரு கணக்கு வச்சிருந்தே. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குக் கீழயும் ஒரு பட்டன் இருக்கும்: 'எனக்கும் இதே பிரச்சனை'. நீ லிங்க் அனுப்புவே, நான் புடவை மடிச்சுக்கினே தட்டிவிடுவேன். ஒண்ணைக் கூடப் படிச்சதில்லை. அண்ணன் அனுப்பினா தங்கச்சி தட்டுவா, அவ்ளோதான்.

போன வாரம் அண்ணி உன் போனை எடுத்துக்கினு வந்தாங்க. "படம் பெரிசு பண்ணி மாட்டணும். நல்லதா ஒண்ணு பாத்துக் குடு பரிமளா, எனக்கு இதைத் தொட கை வரல"ன்னாங்க. போட்டோவை எடுத்துட்டு, அந்த பீட்டாவுலேர்ந்து உன் பேரையும் எடுத்துடலாம்னு உள்ள போனேன். நீ அனுப்பினதெல்லாம் வரிசையா இருந்துது. கடைசி ஏழுக்கும் ஒரே தலைப்பு. 'கை வாட்ச்சில் இதயத் துடிப்பு எச்சரிக்கை தவறாக வருகிறது.'

கோளாறு எப்படி வருதுன்னு படிப்படியா எழுதறதுக்கு ஒரு கட்டம் இருக்குமே, அதை நீ ஒழுங்கா நிரப்பியிருந்தே. 'ஒன்று: மில் ஏணியில் ஏறவும். இரண்டு: மூச்சு வாங்கும், இடது தோள் வலிக்கும். மூன்று: எச்சரிக்கை வரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் வலி போய்விடும், எச்சரிக்கை போகாது.' ஏழாவதுல இன்னும் ஒரு வரி: 'தொல்லையாக இருப்பதால் அணைத்து வைத்துள்ளேன். அடுத்த அப்டேட்டில் சரிசெய்யவும்.'

அடப் பாவி மனுஷா!

மூச்சு வாங்கறதையும் தோள் வலிக்கறதையும் மொகம் தெரியாத யாருக்கோ ஏழு தடவை எழுதியிருக்கே. என்கிட்ட ஒரு தடவை சொன்னியா? ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டுல வந்து உக்காந்து கறிக்குழம்பு சாப்பிட்டவன்தானே நீ? இன்னாண்ணா இப்படி வேர்க்குதுன்னு நான் கேட்டப்போ "காரம் தூக்கல்மா"ன்னே. என் சமையல் மேல பழியைப் போட்டுட்டுப் போனியே!

அதுக்கும் கீழ பாத்தேன். 'இதே பிரச்சனை உள்ள மற்றவர்கள்: ஒருவர்.' அந்த ஒருத்தி நான்தான். என் கையில வாட்ச்சே கிடையாது, உனக்கும் அது தெரியும். தெரிஞ்சுக்கினே எதுக்கு எனக்கு அனுப்பினே? தங்கச்சியும் தட்டிட்டா, அப்ப வாட்ச்தான் கோளாறுன்னு மனசைத் தேத்திக்கினியா?

அண்ணிகிட்ட காட்டினேன். ஒவ்வொண்ணா எல்லாத்தையும் படிச்சாங்க. "வாட்ச் கத்துதேன்னு நானும் ஒருநாள் கேட்டேம்மா. வெள்ளோட்டம்னா தேரு கிறீச்சுன்னு கத்தத்தான் செய்யும்னாரு. நானும் சிரிச்சுட்டுப் போயிட்டேன். வலிக்குதுன்னு மட்டும் சொல்லவே இல்லையே"ன்னு சொல்லிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கினாங்க.

தெரியாமதான் செஞ்சியா, இல்ல பயந்துக்கினு செஞ்சியா? தெரியாமன்னா அழுதுட்டு விட்டுடுவேன். பயம்னா, அந்தப் பயத்துல பாதியை என்கிட்ட குடுத்திருக்கலாமே, வேற எதுக்கு நான் கூடப் பொறந்தேன்? என் விரலை வச்சே என்னை ஏமாத்திட்டியேண்ணா. கம்பெனிக்கு நான் எட்டாவதா ஒண்ணு எழுதிப் போட்டேன், எச்சரிக்கை சரியாத்தான் வந்தது, ஆள் இறந்துட்டாருன்னு. உங்கள் கருத்துக்கு நன்றின்னு அந்த நிமிஷமே பதில் வந்துது.

இன்னொண்ணும் சொல்லணும். கூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா நெஞ்சைக் காட்டிடுங்கன்னு அன்னிக்கே ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு. அதை நான் வீட்டுல சொல்லவே இல்லை. கடை மாடிப்படி ஏறினா எனக்கும் கொஞ்ச நாளா மூச்சு வாங்குது. வயசாவுது, உடம்பு பெருத்துடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். உன் ஏழு ரிப்போர்ட்டையும் படிச்சப்போதான் உறைச்சுது, நானும் இங்க என் வீட்டுக்காரருக்கு அதையேதான் பண்ணிக்கினு இருக்கேன்.

அதைப் படிச்ச அன்னிக்கு சாயங்காலமே அவருகிட்ட சொல்லிட்டேன். கையில இருந்த டீ டம்ளரைக் கீழ வச்சுட்டு, "எத்தனை நாளா?"ன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கலை. டாக்டர்கிட்ட நாளைக்குக் காலையிலதான் நேரம் கிடைச்சுது, கூட்டிக்கினு போறாரு.

இனிமே எங்க வலிச்சாலும் முதல்ல வீட்டுல சொல்லுவேன், இது உன் மேல சத்தியம். ஆனா உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுத வரல. 'எத்தனை நாளா'ன்னு ஒரே ஒரு தடவை கேக்கறதுக்கு நீ என்னை விடலையேண்ணா.

கேக்காம விட்டுட்ட உன் தங்கச்சி,
பரிமளா