கதைக்கக் கூடாத பிள்ளை

2023 நவம்பர் 6

மழை. விரிவுரைக்குக் குடையில்லாமல் போய் நனைந்து வந்தேன். ஐந்து மணிக்கு வழக்கம்போல் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஒப்பிப்பு. எங்கள் பல்கலைக்கழக விடுதியில் இரண்டாம் வருட அக்காமார் நாற்பத்திரண்டு பேர். அவர்களுடைய பெயர், ஊர், அவர்கள் ஒருவருக்கொருவர் வைத்த பட்டப்பெயர் எல்லாவற்றையும் முதல் வருடத்துக்காரர் பாடமாக்கி, வரிசையில் நின்று சொல்ல வேண்டும். ஒருத்தி பிழைவிட்டால் எல்லோருக்கும் திரும்ப முதலிலிருந்து. நான் இருபத்தெட்டாவது பெயரில் தடக்கினேன். எங்கள் முதல் வருட பட்ச் பிள்ளைகள் பார்த்த பார்வையிலேயே எரிந்துபோயிருப்பேன். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தது இதுக்குத்தானோ?

அறைக்கு வந்தபிறகு கஜந்தினிதான் என் தலையைத் துவட்டிவிட்டாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மன்னார்ப் பக்கம், அடம்பன். “அழாதையடி, அவை பேர்தானே கேட்டவை, உயிரையே கேட்டவை?” என்றாள்.

நவம்பர் 9

இன்று கஜந்தினி வரிசையில் நின்று வாயே திறக்கவில்லை. சாருஜா அக்கா கிட்ட வந்து, “என்ன, நாக்கை ஊரிலை விட்டிட்டு வந்தனீரோ?” என்று கேட்டார்.

“உங்கடை பேரை நீங்கள் ஒருக்காச் சொன்னால் நான் மறக்க மாட்டன் அக்கா. நிண்டு ஒப்பிக்கத்தான் ஏலாது.”

எனக்குள்ளே ஒரு சந்தோசம். அடுத்த நிமிடமே எங்கள் எல்லோருக்கும் திரும்ப முதலிலிருந்து.

நவம்பர் 10

சாப்பாட்டு அறையில் கஜந்தினியைத் தவிர எங்கள் பட்ச் முழுவதையும் கூட்டினார்கள். அக்காமார் யாரும் வரவில்லை. அவர்கள் வரத் தேவையுமில்லை, எங்கள் தலைவி கேதீஸ்வரியே எல்லாம் சொன்னாள். “உந்தக் கஜந்தினியாலை எங்களுக்குத்தான் கரைச்சல். இண்டையிலையிருந்து உவளோடை ஒருத்தரும் கதைக்கக் கூடாது, ஒண்டும் குடுக்கவும் கூடாது. மீறினால் அவளையும் கட் பண்ணுவம். சம்மதமெண்டால் கையை உயர்த்துங்கோ.”

எல்லோரும் உயர்த்தினார்கள். நானும்.

நவம்பர் 11

காலையில் “எழும்பிட்டியே?” என்றாள் கஜந்தினி. நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடினேன். செருப்பு காலில்தான் இருந்தது.

நவம்பர் 19

கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைத்தால் யாருக்குத் தெரியும்? தெரியும். இந்த விடுதியில் அறைச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. பக்கத்து அறையில் தும்மினால் இங்கே விளக்கே அசையும்.

ஒரு காகிதத் துண்டில் எழுதி வைப்போமா என்று நினைத்தேன். எழுதினேன். கிழித்தேன்.

உண்மையைச் சொல்லு பிரியந்தினி, சுவருக்கா பயம்? விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். எனக்குப் பாதி விளங்குவதில்லை. அக்காமாரின் குறிப்பும் பட்ச்சோடு சேர்ந்து படிக்கிறதும் இல்லாவிட்டால் நான் நிச்சயம் பெயில். கஜந்தினி கெட்டிக்காரி, தனியே படித்துப் பாஸ் பண்ணுவாள். என்னை அனுப்புவதற்காக அப்பா இரண்டு வருடமாகக் கடலில் கிடந்தார்.

எல்லாம் சரி. அவள் மூன்று நாளாகத் தன்னோடு தானே கதைக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

டிசம்பர் 4

கஜந்தினிக்குக் காய்ச்சல். போர்வைக்குள் நடுங்குகிறாள். என்னிடம் பனடோல் இல்லை. யாரிடமாவது கேட்டால் “ஆருக்கு?” என்பார்கள். எனக்கு மாதாமாதம் வயிற்றுக்குத்துக்குப் போடும் குளிசை ஒரு அட்டை இருந்தது. காய்ச்சலுக்கும் கேட்கும் என்று அம்மா சொன்ன ஞாபகம். இரண்டை எடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரோடு அவள் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது குளிசை இல்லை. ஒரு மாதத்தில் இன்றுதான் மனுசியாக நடந்திருக்கிறேன்.

டிசம்பர் 5

காலையில் இரண்டு. பின்னேரம் இரண்டு.

டிசம்பர் 6

எழுத வருதில்லை. விடிய எழும்பிப் பார்க்க, அவளின்ரை தலையணை முழுக்க இரத்தம். மூக்காலை. “கஜா! கஜா!” எண்டு கத்தினன். இருபத்தாறு நாளுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டது இப்பிடித்தான். எல்லாரும் ஓடி வந்தினம். வார்டன் ஓட்டோ பிடிச்சு ஏத்திக்கொண்டு போனா. மாதாவே, ஒண்டும் நடக்கக் கூடாது.

டிசம்பர் 7

டெங்கு. அந்த நேரத்தில் போடவே கூடாத குளிசையைப் போட்டதில்தான் இரத்தம் கசிந்ததாம். “பிளேட்லட் நல்லா இறங்கிட்டுதாம். ஆர் உந்தக் குளிசையைக் குடுத்ததெண்டு டொக்டர் கேக்கிறார்” என்று வார்டன் வந்து சொன்னார். அவர் போனதும் மிச்ச அட்டையைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். என்ன செய்யுது, எத்தனை நாளாய், எங்கே நோகுது? கேட்கவில்லையே.

டிசம்பர் 11

தப்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “தானே கடையிலை வேண்டிப் போட்டவளாம், விசரி. படிச்ச பிள்ளை செய்யிற வேலையே? நீர்தானே பிள்ளை கத்திக் கூப்பிட்டனீர்? உம்மாலைதான் என்ரை பிள்ளை உயிரோடை கிடக்கு.”

கஜந்தினி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

“ஓம் அன்ரி” என்றேன். ஓமாம்!

டிசம்பர் 20

நேற்று கேதீஸ்வரி, “பாவம், இனிக் கதைக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். இன்று கஜந்தினி சாமான் எடுக்க வந்தாள். கோப்பாயில் ஒரு வீட்டில் அறை பார்த்திருக்கிறார்களாம்.

“அந்தக் குளிசை நான்தான் வைச்சனான்” என்றேன்.

“தெரியும். முழிச்சுக்கொண்டுதான் கிடந்தன்.” பாவாடையை மடித்தபடியே சொன்னாள்.

“அப்ப ஏன் கடையிலை வேண்டினதெண்டு சொன்னனி?”

“நீ தந்ததெண்டு சொன்னால் உன்னையும் கட் பண்ணியிருப்பினம். உன்னாலை தாங்கேலாது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என்னுடையது ஓட்டை என்று அவளுக்குத் தெரியும்.

2025 பெப்ரவரி 18

ஒரு வருடத்துக்கு மேலாகிறது இதில் எழுதி. பாஸ் பண்ணிவிட்டேன். இப்போது நாங்கள்தான் அக்காமார். தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே எங்கள் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். பட்டியலில் நான் பதினேழாவது: பிரியந்தினி, நெடுந்தீவு, ஊமைக்கோட்டான். பட்டப்பெயர் கேதீஸ்வரி வைத்தது. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.

போன கிழமை கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று ஒப்பிக்க மாட்டேன் என்றது. அதனுடைய பட்ச் அதைக் கட் பண்ணிவிட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஒரு கிழமை போய்விட்டது.

இன்று மத்தியானம் அந்தப் பிள்ளையின் அறைக்குப் போனேன். தனியே கட்டிலில் இருந்தாள். கதவைத் திறந்தே விட்டேன், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று.

“சாப்பிட்டனீரோ?” என்று கேட்டேன்.

துள்ளி எழுந்து நின்றாள். நிலத்தைப் பார்த்தபடி முதலாவது பெயரிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள். “வேண்டாம், நான் அதுக்கு வரேல்லை” என்றேன். அவள் நிறுத்தவில்லை. பதினேழாவதாக என் பெயரும் வந்தது. பிழையில்லாமல் சொன்னாள்.