மந்திரம் பெயர் சொல்லாது

இன்று பள்ளிப்பட்டில் மகளின் பஸ் பாஸை லேமினேஷனுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மெஷின் சூடேறி அந்த பிளாஸ்டிக் வாசனை எழுந்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய். திருத்தணியில் உன் ஜெராக்ஸ் கடை முழுக்க இதே வாசனைதான். கடைக்காரர் பாஸை நீட்டியதைக்கூட நான் கவனிக்கவில்லை. "மேடம், ரெடி ஆயிடுச்சிங்க" என்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கடை மாடியில் நாம் ஆடியது, பெங்களூரில் வேலை பார்த்தபோது நீ கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பேச, தடுமாறும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கு டீச்சர் போய் வைத்தியச்சி வேடத்தில் உட்காருவதா என்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக உன் கடை மாடிக்குத்தான் வருவேன். நீ கதை சொல்வாய், நான் வைத்தியச்சி, உன் பாவா மந்திரவாதி. கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்தும் நீ உன் கணவரை பாவா என்றுதான் கூப்பிட்டாய். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் விளையாட்டு கிடையாது. காவடிக் கூட்டத்தில் கடைக்குள் நுழையவே முடியாது.

அந்தக் கரும்புத் தோட்டக் கதை நினைவிருக்கிறதா? திருவாலங்காட்டுப் பக்கத்து வயல்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாய். தோட்டத்துக்குள் ஏதோ நடமாடுகிறது என்று ஊரே பயந்துகிடந்தது. உன் பாவா, மறைந்திருப்பது எது என்று அறியும் மந்திரத்தைப் போட்டார்.

"ஆங், யாரோ இருக்காங்க. மனுசங்க இல்ல. ஈர மண்ணு வாசன வருது" என்றாய்.

"பேயா, தேவதையா? அத்த சொல்லு."

"அத்த மந்திரம் சொல்லாது பாவா. கிட்டப் போயி பேசித்தான் தெரிஞ்சிக்கணும்."

"சொல்லும்னு விதி புஸ்தகத்துல போட்டிருக்குதே!"

"புஸ்தகம் எழுதினவங்க வூட்ல அப்படி. நம்ப வூட்ல இப்படி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டத்துக்கு நெருப்பு வைத்தார். பகடையும் அவர் பக்கமே விழுந்தது. உள்ளே இருந்தது எரிந்துபோனது. கொஞ்ச நேரத்தில் ஊர் ஏரிக்கரை உடைந்தது. அத்தனை காலமும் அந்தக் கரையைத் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான் என்று நீ சொன்னபோது உன் பாவாவின் முகம் கறுத்துவிட்டது. "இது ஏமாத்து" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் மாடிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது என்றாய். எனக்கு பயமாகிவிட்டது. ஒரு விளையாட்டுக்காகவா இதெல்லாம், ஒரு தடவை விட்டுக்கொடேன் என்று கெஞ்சினேன்.

நீ தலையை ஆட்டினாய். "இன்னார்னு பேரு தெரிஞ்சா ஒண்ணு அடிப்பாரு, இல்ல கும்புடுவாரு. ரெண்டுலயும் பேச்சு இல்லடி. பேசறதுக்குத்தானே நாம உக்காந்துகினு இருக்கறோம்?"

மூன்றாவது வாரம் நாம் இருவரும் விளையாடிக்கொண்டிருந்தபோது அவர் படியேறி வந்தார். உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் மந்திரவாதி உடைஞ்ச கரைக்குப் போறான்" என்றார்.

"போயி? மந்திரம் போடறானா?"

"மந்திரம் வாணாம். சும்மா கேக்கறான். இங்க இன்னும் யாருனா இருக்கீங்களா? நான்தான் நெருப்பு வச்சேன். கரைய கட்டறதுக்கு நான் இன்னா செய்யணும்?"

நீ ஃபிளாஸ்க்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றி வைத்தாய். பிறகுதான் உன் கதையில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து, "மண்ணு கொண்டு வா" என்றாள். அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் நாம் அந்தக் கரையைத்தான் கட்டினோம். சண்டை இல்லை, புதையல் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் விளையாடியதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு வெகுநாள் நாங்கள் பகடையைத் தொடவில்லை. கடையையும் அவர் வேறொருவருக்கு விட்டுவிட்டார். ஒருநாள் அவரே என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், கதைய நீங்க சொல்லுங்க. நான் ஆடறேன்" என்றார். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் விளையாட்டு. என் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சரும் வருகிறாள். போன வாரம் அவள் அறியும் மந்திரம் போட்டுவிட்டு, போனில் மூல விதியைத் தேடி என்னிடம் நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பாவா முந்திக்கொண்டார்.

"அது வேற வூட்டு விதிமா. இங்க மந்திரம் பேரு சொல்லாது. நீதான் போயி கேக்கணும்."

அவள் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் போய்க் கேட்டாள்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். எனக்கு விதவிதமாகப் பேச வரவில்லை. கதைக்குள் பேய் வந்தாலும் தேவதை வந்தாலும் என் வாயில் உன் குரல்தான் வருகிறது, அந்த இழுவை, கடைசியில் அந்த "இன்னா?" எல்லாமே. முதல் முறை அதைக் கேட்டபோது உன் பாவா எழுந்து வெளியே போய்விட்டார். இப்போதெல்லாம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.