ஏழாவது கன்னியைக் கரைக்க ஆளில்லை

ஆடி வெள்ளி, 1991

தங்கச்சி,

சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டேன். புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அடுப்புச் சாம்பலும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் கையை விட்டு இந்த நாற்றம் போகவில்லை. ரப்பரைக் கொளுத்தினால் வருமே, அதோடு அழுகின முட்டையும் சேர்ந்த மாதிரி. நம் ஏரி மண்ணின் நாற்றம் இது. நீ போன பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. நேற்று உன் மகள் மட்டும் வராமல் போயிருந்தால், ஏரி எப்போதும் இப்படித்தான் நாறிக்கொண்டிருந்தது என்று நானும் பழகிப்போயிருப்பேன்.

கட்டிக்கொடுத்த மண்ணூரிலிருந்து வந்தாள். உன் வீட்டை ஒழித்துப் பெருக்கியபோது, மாதா படத்துக்குப் பின்னால் பழைய துணியில் என்னவோ சுற்றி இருந்ததாம். "பெரிம்மா, இத இன்னா பண்றதுன்னே தெரில. குப்பையில போட மனசு வர்ல" என்று என் மடியில் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். போன ஆடியில் நீ ஏரி மண்ணில் பிடித்த கன்னி. காய்ந்து அங்கங்கே வெடித்திருந்தாலும் முழுசாக இருந்தது. வயிற்றுப் பக்கம் உன் கட்டைவிரல் பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். கோரைப்புல்லும் நத்தையும் முதல் மழையும் கலந்த அந்தப் பழைய வாசனை எழுந்து வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் ஏரிக்கரையில் நீ முழித்துக்கொண்டு நின்றது. ஏழு வீட்டு மருமகள்கள் ஏரியில் இறங்கி ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்து, ஆளுக்கு ஒரு கன்னியைப் பிடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஏரியைப் பார்த்து உட்காரவைப்போம். கூழ் படைத்து முடித்ததும், பிடித்த கைதான் கரைக்க வேண்டும். வேறு கை படக்கூடாது. ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால், அவள் எழுந்து வரும்வரை அவள் கன்னி கரையிலேயே காத்துக்கொண்டிருப்பாள். உன் வீட்டுக்காரர்கள் எந்தக் காலத்திலோ வேதத்துக்கு மாறிவிட்டார்கள். மாறினாலும் ஏழாவது கன்னி அந்த வீட்டு மருமகளுக்குத்தான். அதை யாரும் மாற்றவில்லை.

"யக்கா, நானு ஞானஸ்நானம் வாங்கினவ. என்னப் போயி அம்மன் புடிக்கச் சொல்றாங்களே" என்றாய்.

"மண்ணு கையில கீது, கேட்டுப் பாரு, அது எந்தக் கோயிலுன்னு" என்றேன்.

சிரித்துக்கொண்டே பிடித்தாய். பதற்றத்தில் மூக்கு வைக்க மறந்துவிட்டாய். அப்புறம் எல்லா வருஷமும் வேண்டுமென்றே மூக்கில்லாமல்தான் பிடித்தாய். கேட்டால், "மூக்கு வச்சா மூக்குத்தி கேப்பா யக்கா, எங்கிட்ட ஏது?" என்பாய்.

உங்கள் பங்குச் சாமியார் பூசை முடிந்து உன்னைத் தனியாக நிறுத்தி, கல்லையும் மண்ணையும் கும்பிடுவது பாவம் என்று கண்டித்தாராமே. "சாமி, ஆண்டவரு ஆதாம மண்ணுலதான பிசைஞ்சாரு? நானும் அதத்தான் பிசையறேன்" என்று நீ சொன்னதும் அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதை நீ நடித்துக் காட்டி எங்களை எத்தனை முறை சிரிக்கவைத்திருப்பாய்!

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். கிருத்திகை தவறாமல் குன்றத்தூர் மலை ஏறுகிறவள். சாமியை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த சாமி ஏரியில்தான் இருந்தாள். புது மழையில் செம்மண் கலந்து ஏரி சிவந்து கிடக்கும்போது, "அவ வூட்டுக்கு வெளிய உக்காந்துகினு கீறா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று பெண்கள் மூன்று நாள் துணி துவைக்கமாட்டோமே. அவளுக்கே மாதவிலக்கு உண்டு என்று நம்பின கரையில், நம்மிடம் யார் தீட்டுக் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்க ஆள் வந்தது கோயில் வந்த பிறகுதான். ஏரியை ஒட்டி வந்த கம்பெனி சிமெண்ட் கொடுத்தது, டைல்ஸ் கொடுத்தது. ஆண்கள் கூடி கமிட்டி போட்டார்கள். நம் வேப்பமரத்தை வெட்டி, அந்த இடத்தில் கருங்கல்லில் ஏழு கன்னிமாரை வைத்தார்கள். வைத்தது எந்தத் திசையைப் பார்த்து? ரோட்டைப் பார்த்து! லாரியில் போகிறவன் கும்பிட வேண்டுமாம். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ன கன்னிமார்? வாசலில் ஒரு போர்டு, வீட்டு விலக்கான பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று. இந்தப் பக்கம் கும்பாபிஷேகம் நடந்தது, அந்தப் பக்கம் ஏரிக்கரையில் கம்பெனி முள்கம்பி போட்டது. கமிட்டிதான் சரி என்று தலையாட்டியது. சாமிக்கு வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லி, அவள் இருந்த வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

போன ஆடியில் கம்பிக்குள் கைவிட்டு மண் எடுத்தோம். கமிட்டித் தலைவர் ஓடிவந்தார். "அதான் கல்லுல செஞ்சி வச்சாச்சே, இன்னும் இன்னா மண்ணு, சேறுன்னுகினு?" நாங்கள் கத்தினோம். அவரவர் புருஷனே வந்து கையைப் பிடித்து இழுத்தான். ஆறு பேர் மண்ணும் தள்ளுமுள்ளில் சிதறியது. உன்னை இழுக்க ஆளில்லை, நீ தாலியறுத்து வருஷமாகியிருந்தது. நீ மட்டும் நிதானமாகப் பிடித்து முடித்தாய்.

"வேதக்காரிக்கு இங்க இன்னா வேல?" என்றார் அவர்.

"எங்க வூட்டு வேலதான். உங்க தாத்தா காலத்துலேந்து செய்றோம். நீ கமிட்டிக்கு நேத்து வந்தவன்" என்றாய்.

கோயிலுக்குள் வைக்கவிடவில்லை. கரையில் வைக்கக் கம்பி விடவில்லை. படைக்காமல் எப்படிக் கரைப்பது? முந்தானையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாய். மழை முடிந்ததும் கம்பெனிக் கழிவுக் குழாயை ஏரியில் திறந்தார்கள். ஏரி கறுத்தது. தை மாதக் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்சு உனக்குத் தெரியாது. "கன்னிமார் அடிச்சிட்டா. வேதக்காரி கை வச்சா சும்மா வுடுவாளா?" டீக்கடையில் சொன்னார்கள், பஸ் ஸ்டாப்பில் சொன்னார்கள். நேற்று கோயில் ஆடித் திருவிழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்த கமிட்டித் தலைவர் என் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார். வருஷா வருஷம் தன்னை உருவாக்கிய கையையா அவள் அடிப்பாள்? குழாயை விட்டவனை விட்டுவிட்டு உன்னையா அடிப்பாள்? அவர் போன கொஞ்ச நேரத்தில்தான் உன் மகள் அந்தத் துணி மூட்டையோடு வந்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இன்று காலை மற்ற ஐந்து வீட்டையும் நானே போய் எழுப்பினேன். கம்பிக்கு அடியில், குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே மண் எடுத்தோம். தார் மாதிரி கறுப்பு. குமட்டிக்கொண்டே பிடித்தோம். மஞ்சள் பூசினால் அந்தக் கறுப்பில் மஞ்சள் ஒட்டவில்லை; அப்பி வைத்தோம். இருவருக்கு விலக்கு நாள். போர்டைத் தாண்டி அவர்கள்தான் முதலில் போனார்கள். பளபளவென்ற டைல்ஸ் மேல் ஆறு கன்னிமாரையும், ஏழாவதாக உன்னுடையதையும் வரிசையாக, ஏரியைப் பார்த்து உட்காரவைத்தோம். பொன்னாடைக்குக் காத்திருந்த கம்பெனி மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். குருக்கள் துண்டை எடுத்தார். தலைவர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது, கோயிலா, சாக்கடையா? தூக்கி வெளிய போடுங்க!"

"நீங்க கட்டின கோயிலு, நீங்க வுட்ட சாக்கட. ரெண்டையும் சேத்து வச்சிக்கீறோம்" என்றேன். "உங்க மூக்கப் பொத்திக்கினீங்க. இவ மூக்க யாருய்யா பொத்துறது? இந்தக் கடைசிக்காரி ஒருத்திதான் தப்பிச்சா, இவளுக்கு மூக்கே இல்ல."

பெண்கள் சிரித்தார்கள். கூழுக்கு நின்ற கூட்டமும் சிரித்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. குனிந்து கையை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது. பிடித்த கைதான் எடுக்க வேண்டும் என்று அவருடைய அம்மாவும் சொல்லித்தானே வளர்த்திருப்பாள்? அவளும் ஏழில் ஒருத்தியாக இருந்தவள். குருக்களைப் பார்த்தார். "மஞ்சள் குங்குமம் வச்சாச்சே. நான் தொடமாட்டேன்" என்று அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எப்பம்மா கரைப்பீங்க?" தலைவரின் குரல் இறங்கிவிட்டது.

"ஏரி தெளியட்டும். இந்தத் தண்ணியில அவள எறக்க எங்களுக்கு மனசு வராது."

மேனேஜர் பொன்னாடை வாங்காமலே காரில் ஏறினார். குழாய் இன்னும் மூடவில்லை, தங்கச்சி. நாளைக்கே மூடிவிடுவான் என்று நான் நம்பவும் இல்லை. என் வீட்டுக்காரர் மதியத்திலிருந்து என்னோடு பேசவில்லை, பேசாமலே இருக்கட்டும். கோயில் நடுவில் ஏழு பேரும் நாறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே தீபாராதனை காட்டுகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் காட்ட வேண்டும்.

புறப்படும்போது தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார். "அந்த ஏழாவது?" குழாயை மூடிவிட்டால் எங்கள் ஆறையும் நாங்கள் கரைத்துவிடுவோம் என்று கணக்குப் போட்டிருப்பார். உன்னுடையதைக் கரைக்க எந்தக் கை வரும்? அது கல்லறையில் இருக்கிறது. அவருக்கே புரிந்துவிட்டது. டைல்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உன் கன்னியைக் கீழே வைக்கும்போது என் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். அளவாகப் பொருந்தியது. இந்த நாற்றத்துக்கு அடியில் அந்த விரலில் மட்டும் பழைய ஏரி இன்னும் கொஞ்சம் மணக்கிறது. இனிமேல் கையைத் தேய்க்கப்போவதில்லை.