முக்கால் பவர் கண்ணாடி

2024 ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேரே துப்பாக்கி கிளப் ரேஞ்சுக்குப் போனேன். நாற்பது குண்டு. நானூறுக்கு 338. த்தூ! இருபத்தி ரெண்டு வருசமா பிஸ்டல் பிடிக்கிறவ எழுதுற நம்பரா இது?

கை நடுங்கவில்லை. மூச்சும் சரிதான். கண்தான் காலை வாருகிறது. குழல் நுனியில் நிற்கிற குட்டி இரும்புத் துண்டு, அதுதான் ஃபோர்சைட், ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகத் தெரிகிறது. பின்னால் இருக்கிற பள்ளத்துக்குள் அது கத்தி மாதிரி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. எனக்கு எல்லாம் தலைகீழ். வட்டம் பளிச்சென்று இருக்கிறது, இரும்பு கரைந்து போகிறது. ஐம்பத்தி நாலு வயசு ஆச்சுல்ல.

முனீஸ்வரி 341. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள். கிளப்பில் சேர்ந்து நாலு வருசம்கூட ஆகவில்லை. "டீச்சர், இன்னைக்கு உங்களை முந்திட்டேன் போலயே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தாடை வலிக்கிறது இன்னும்.

செப்டம்பர் 29 தேர்வு. நாற்பத்தைந்து தாண்டிய பெண்களில் ஒரே ஒருத்தியைத்தான் கிளப் மாநிலப் போட்டிக்கு அனுப்பும். ஆறு வருசமாக அந்த ஒருத்தி நான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சரான என்னை 'விசில்' என்று கூப்பிடுகிற கழுதைகள் அந்த ஒரு வாரம் எழுந்து நின்று கை தட்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் கூட நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுவாள். அது இல்லையென்றால் நான் யாரு?

ஜூன் 12

ராஜபாளையத்தில் அபுதாஹிர் பாய் கண்ணாடிக் கடை. பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனால் ஊர் கூடிவிடும். அதனால் பள்ளிக்கூடத்து மரஸ்கேல் நுனியில் கறுப்பு டேப் ஒட்டி எடுத்துப் போனேன். கையை நீட்டிப் பிடித்து, "இந்த டேப்போட விளிம்பு எனக்குக் கத்தி மாதிரி தெரியணும் பாய், அதுக்கு ஒரு கண்ணாடி போடுங்க" என்றேன். கடையில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

"தூரத்துக்குன்னு கேப்பாக, படிக்கன்னு கேப்பாக. ஸ்கேல் நுனிக்குன்னு யாரும் கேட்டதில்ல டீச்சர்."

ஒரு மணி நேரம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். நான் படிக்கப் போடுகிற ஒன்றரை பவரில் டேப் மங்கல். கடைசியில் குறி பார்க்கிற வலது கண்ணுக்கு பிளஸ் முக்கால். ஆண்டவரே! கத்தரியில் வெட்டியபோது விழுந்த பிசிறு கூடத் தெரிந்தது.

ஜூன் 16

352.

முனீஸ்வரி 343. "என்ன டீச்சர், புதுக் கண்ணாடியா?" என்றாள். பழசுதான், ஃபிரேம் மட்டும் மாத்தினேன் என்றேன்.

ஜூன் 23

இன்றைக்குச் செய்ததை இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது?

குழாயடியில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். முனீஸ்வரி கிட்டே வந்து நின்றாள். "எனக்கும் ஃபோர்சைட் கரையுது டீச்சர். நாற்பத்தேழு ஆச்சு. நீங்க என்ன கண்ணாடி போட்டிருக்கீங்க, எனக்கும் சொல்லுங்க" என்றாள். பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு எரிச்சல் வந்தது. ஒளிக்கத் தெரியாதவளுக்கு என் இடம் வேணுமாக்கும்.

"தூரப்பார்வைக் கண்ணாடி" என்றேன். "வட்டம் கல்வெட்டு மாதிரி தெரியணும். அதை விட்டுக் கண்ணை எடுக்காத. இரும்பு கரைஞ்சா கரைஞ்சிட்டுப் போகுது."

"போலீஸ் ட்ரெய்னிங்ல ஃபோர்சைட்டத்தான் பாக்கச் சொன்னாங்க டீச்சர்."

"அது இருபது வயசுக்காரிக்கு. நம்ம வயசுக்கு முறை வேற."

தலையை ஆட்டினாள். நன்றி வேறு சொன்னாள்! கைக்குட்டையில் 'தூரம்' என்று பேனாவால் எழுதிக்கொள்ளாத குறைதான்.

கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பார்க்கட்டும். அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

ஜூலை 14

முனீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரிடமோ தூரக் கண்ணாடி போட்டு வந்துவிட்டாள். தங்க நிற ஃபிரேம், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. 326. குண்டெல்லாம் வட்டத்தைச் சுற்றி ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறது. ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"பழகப் பழகச் சரியாகும். இன்னும் உத்து வட்டத்தைப் பாரு" என்றேன்.

செண்பகத்தோப்பு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஃபாரஸ்ட் கார்டு திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 21

முனீஸ்வரி 319. கிளப்பை விட்டு நின்னுரலாமான்னு இருக்கு டீச்சர் என்றாள். அவசரப்படாதே என்றேன். செப்டம்பருக்குள் எப்படியும் நின்றுவிடுவாள்.

இன்றைக்குப் பிரசங்கம் பொய் நாவைப் பற்றி. பாதிரியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 28

என்ன சனியன் இது? 344. போன வாரம் கத்தி மாதிரி நின்ற இரும்பு இன்றைக்குக் கரைகிறது. கண்ணாடியைத் துடைத்தேன், கழுவினேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. வெயிலாக இருக்கும். ரெண்டு பாட்டில் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டுகிறது.

என் வீட்டுக்காரர் சாம்சன், மில்லில் இருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "பூரணம், எளைச்சுட்டே வாற. டாக்டர்கிட்ட போவமா?" ஒடம்பு எளைக்காம பானை மாதிரி உக்காந்திருக்கணுமா உங்கள மாதிரி, என்றேன்.

ஆகஸ்ட் 4



முனீஸ்வரி வேறு கண்ணாடி போட்டு வந்தாள். கறுப்பு ஃபிரேம். 351. நான் 341. எல்லாரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். நான் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். கிட்டே வந்தாள். சிரித்த முகம்.

"முந்தாநாள் ராஜபாளையத்துல அபுதாஹிர் பாய் கடைக்குப் போயிருந்தேன் டீச்சர். உங்க ஸ்கேல் கதையெல்லாம் சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் ஏமாத்துனீங்கன்னு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், தீர்ந்திருக்கும். பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்கிறது எனக்கு. அவளே வாங்கிப் பூட்டிக் கொடுத்தாள். பிறகு அதே சிரிப்போடு, தணிந்த குரலில் —

"இன்னொண்ணு டீச்சர். சுகர் பாருங்க. கொடங்கொடமா தண்ணி குடிக்கிறீங்க, எளைச்சுட்டீங்க. இன்னைக்கு ஒரு பார்வை நாளைக்கு ஒரு பார்வைன்னா அது கண்ணாடிக் கோளாறு இல்ல. புதுக் கண்ணாடி போடாதீங்க. மொதல்ல மதுரைக்குப் போயி கண்ணுக்குள்ள நரம்பைப் பாக்கச் சொல்லுங்க. லேட் பண்ணாதீங்க."

சரிம்மா, சரிம்மா என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

ராத்திரி பூரா யோசித்தேன். திட்டம் புரிந்துவிட்டது.

மதுரைக்குப் போனால் கண்ணில் மருந்து ஊற்றுவான். வெளிச்சம் பார்க்காதே என்பான், வாரா வாரம் வா என்பான், ஏதாவது ஒரு வியாதிப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவான். செப்டம்பர் போயே போச்சு. புதுக் கண்ணாடியும் போடக் கூடாதாம்! போட்டால் நான் ஜெயித்துவிடுவேனே. அவளை நான் ஏமாத்தினேன், இப்போ அவள் என்னை ஏமாத்துகிறாள். நானாயிருந்தாலும் இதைத்தானே செய்வேன். ஆனால் நான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருப்பேன். கடைக்குப் போனதைச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த வாயில் புத்தி சொல்லுகிறாள், மக்கு.

ஆகஸ்ட் 18

வேறு லென்ஸ். அபுதாஹிர் பாய்க்குப் பயந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே போட்டேன். அரை பவர். 347. பாத்தியா முனீஸ்வரி!

செப்டம்பர் 1

அரை பவரும் மங்குகிறது. இன்னொன்று போட்டேன். பவரே இல்லாத வெறுங்கண்ணாடி. அதில் இன்றைக்கு நன்றாகத் தெரிகிறது.

கால் பெருவிரலில் செருப்பு கடித்து ரத்தம் வந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. இவர் பார்த்துச் சொன்னார்.

செப்டம்பர் 15

சாம்சன் இன்றைக்கு ஒரு அதிசயம் செய்தார், சத்தம் போட்டார். லேப்காரனை வீட்டுக்கே வரச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார், ரத்தம் எடுக்க. "அந்தப் போலீஸ்காரம்மா பஸ் ஸ்டாண்டுல பாத்து எங்கிட்டயும் சொல்லிச்சு. ஒரு ஊசி குத்துனா என்ன, செத்தா போவ?" என்றார்.

இவரையும் பிடித்துவிட்டாளா! லேப்காரனை வாசலோடு அனுப்பினேன். இவரிடம், உங்களுக்கு நான் ஜெயிக்கிறது பொறுக்கலை, முப்பது வருசமா பொறுக்கலை, மில்லுல நூலு முடிச்சுப் போட்டவருக்கு வேற என்ன தெரியும் என்றேன். இன்னும் ஒன்று சொன்னேன். அதை எழுத மாட்டேன்.

பதினாலு நாள்தான். பொறவு எந்த ஊசியை வேணும்னாலும் குத்தட்டும்.

செப்டம்பர் 29

முப்பதாவது குண்டு வரைக்கும் நான் மூன்று பாயின்ட் முன்னால்.

முப்பத்தொன்று. ஃபோர்சைட்டுக்கு மேலே ஒரு கறுப்பு நூல். கண்ணாடியில் தூசி என்று துடைத்தேன். நூல் போகவில்லை. கண்ணைத் திருப்பினால் கூடவே வருகிறது. முப்பத்திரண்டில் நாலைந்து நூல். அப்புறம் தண்ணீரில் மை கொட்டின மாதிரி மேலேயிருந்து இறங்கியது. வட்டம் போச்சு. இரும்பு போச்சு. நீட்டிய என் கை போச்சு.

நான் நிறுத்தவில்லை. பழக்கத்தில் சுட்டேன். மிச்சக் குண்டெல்லாம் சுவரில்.

முனீஸ்வரி 355. ஓடி வந்து பிஸ்டலை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கி மேசையில் வைத்து, "உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டாள்.

அக்டோபர் 3

மதுரை. சுகர் 384. வலது கண்ணுக்குள் ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் கொட்டியிருக்கிறதாம், விழித்திரையும் இழுத்துப் பிய்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்தாலும் விரலை எண்ணுகிற அளவுக்குத்தான் வரும் என்றார் டாக்டர். இடது கண்ணுக்கு அவசரமாக லேசர் வைத்தார்கள்.

"ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தா இதையும் லேசர்லயே நிறுத்தியிருக்கலாமேம்மா. யாரும் சொல்லலியா?"

பதில் இவர்தான் சொன்னார். "சொன்னாங்க டாக்டர்."

அக்டோபர் 6

ஸ்கெட்ச் பேனாவில் பெரிசு பெரிசாக எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது.

அவள் சொன்னது நிஜம். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். நான் அவளுக்கு அம்புட்டு துரோகம் செய்தும் அவள் எனக்கு நல்லதைத்தான் சொன்னாள். இந்தப் பாவி மனசுக்கு அது ஏறவில்லை. என்னை வைத்து அவளை அளந்தேன். ஐயோ, எவ்வளவு நல்லவள், எவ்வளவு நல்லவள். மன்னிப்புக் கேட்க வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

அக்டோபர் 20

இன்றைக்கு முனீஸ்வரி வந்தாள். சர்க்கரை போடாத பிஸ்கட் ஒரு பாக்கெட். மாநிலப் போட்டிக்கு அடுத்த வாரம் கிளம்புகிறாளாம்.

இவர் காபி போட அடுப்படிக்குப் போனார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. "நான் உனக்குப் பொய் சொன்னேன். நீ எனக்கு நல்லதுக்குத்தான் சொன்ன. நான்தான் தப்பா எடுத்துட்டேன். என்னை மன்னிச்சிரு முனீஸ்வரி."

கையை உருவவில்லை. தட்டிக் கொடுத்தாள்.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் டீச்சர் கண்ணு போச்சு. அதனால உங்களப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவும் எனக்கு நல்லது நினைச்சியே —"

"நல்லதா?" என்றாள். ஸ்டேஷனில் கம்ப்ளெயின்ட் எழுதுகிறவள் குரல் மாதிரி இருந்தது, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "சுகரை மட்டும் சொல்லியிருந்தா நீங்க மறுநாளே மதுரைக்குப் போயிருப்பீங்க. அதான் மொதல்ல பாய் கடைக்குப் போனதைச் சொன்னேன். நான் சொன்னா நம்பக் கூடாதுன்னு நீங்க முடிவு பண்ணணும்ல. அய்யாகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லச் சொன்னேன்."

பிடித்திருந்த கையை விட்டேன்.

"ஆனா நான் பொய் சொல்லலை டீச்சர். ஒரு வார்த்தை பொய் சொல்லலை."

இவர் காபி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தாள். காபி நல்லாருக்கு அய்யா, டீச்சருக்கு வேளாவேளைக்கு மாத்திரை குடுங்க, இடது கண்ணையாவது பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இவர் கேட் வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "நல்ல பிள்ளை பூரணம். எம்புட்டு அக்கறையா வந்து பாத்துட்டுப் போகுது" என்றார்.

நான் ஆமா என்றேன்.