பசலை என்று எழுதினீர்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் இதற்கும் ஓர் உவமை தேடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நான் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கொழும்பிலிருந்து கவிதை எழுதினீர்களே, பிரிவில் பசலை படர்ந்த முகம், மலைப்பனி மூடிய நிலா என்று. அது பத்திரிகையில் வந்த அன்று, என்னோடு தேயிலைக் கொழுந்தெடுக்கும் செவ்வந்தி எல்லாருக்கும் சத்தமாக வாசித்தாள்.

"ஒன்னையப் போயி நிலாங்கிறாரு, குடுத்து வச்சவடி!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதைக் கத்தரித்து நம் லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். அப்போதே இருமல் இருந்தது. நாளுக்கு நாள் மெலிந்தேன். புருஷன் நினைப்பில் இளைக்கிறாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

தேயிலையில் கொப்புள நோய் விழுந்தால் கொழுந்தெல்லாம் வெள்ளை முத்துப் பதித்தது போல இருக்கும். அழகென்று யாரும் விட்டுவைப்பதில்லை, உடனே மருந்தடிக்கிறார்கள். அந்தப் புத்தி என் உடம்பு விஷயத்தில் எனக்கு வரவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள். காசநோய். "ஏன் பிள்ளை இவ்வளவு நாளா வரேல்லை?" என்று யாழ்ப்பாணத்து டாக்டரம்மா கேட்டார். கவிதையை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒழுங்காக மாத்திரை போட்டால் குணமாகிவிடுமாம். என்னை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

நேற்றிலிருந்து பாப்பாவும் இருமுகிறாள். காய்ச்சலில் கன்னம் இரண்டும் சிவந்து, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். பஸ் ஏறி வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி